புதன் பின்னேரம் பிறந்தவர்

அத்தியாயம் 4

மங்களேஸ்வரியின் கணக்கில் சோதிடர்கள் இரண்டு வகை: பிடிபட்டவர்கள், இன்னும் பிடிபடாதவர்கள்.

ஒஸ்லோவில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தீயில் எரிந்துபோனதாக எழுதிக் கொடுத்த சோபா செட் மச்சான் வீட்டு வரவேற்பறையில் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். முதுகு நிமிராது என்று சத்தியம் பண்ணியவர் கலியாண வீட்டில் சோற்றுக் கிடாரம் தூக்கியதையும் பார்த்திருக்கிறாள். இத்தனையும் பார்த்தவளுக்கு மனிதர்கள்மேல் மரியாதை வர வழியில்லை. அவளுக்கு வரவுமில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் சிறிதேவியின் வீட்டில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மங்களேஸ்வரியின் உதவியாளன் லூர்து, வீங்கிய கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் பிஸ்கற்றை எடுத்தான். மன்னார்க்காரன், ஐம்பதைத் தாண்டியவன், முன்னாள் டக்சிச் சாரதி. பல்வலிக்குக்கூட அடங்காத வாய் அவனுக்கு.

“அழாமல் சொல்லுங்கோ சிறிதேவி. அழுதால் எனக்குக் கதை பிடிபடாது.”

“நான் ஏன் அழவேணும்? எனக்குப் பத்திக்கொண்டு வருது,” என்றாள் சிறிதேவி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எந்தக் கிழவரையும் தனியாகத் தூக்கி உட்கார வைக்கிற தோள்கள் அவளுக்கு. “வியாழக்கிழமை விடிய அவருக்கு இருதயத்தில ஒப்பரேசன். வால்வு மாத்த வேணும். இதை விட்டால் வரிசையின்ர கடைசியிலதான் திரும்ப நிக்கலாம். அவ்வளவு காலம் தாங்காதெண்டு டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். அது இவருக்குத் தெரியாது. இவர் என்னெண்டால் போகமாட்டாராம்.”

“ஏனாம்?”

“ராகுவாம்.”

“ராகு எந்த வார்ட்டில வேலை செய்யிறார்?” என்று லூர்து கேட்டான்.

சிறிதேவி அவனைப் பொருட்படுத்தவில்லை. கணவர் இரவீந்திரன் கணித ஆசிரியர். நல்ல நாள் பார்க்க அவள் பஞ்சாங்கத்தைத் தொட்டாலே நக்கலடிக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் போயும் போயும் குரோருட்டில் கஜரூபன் என்று ஒருவனிடம் போயிருக்கிறார். பர்மாவில் ஒரு விகாரையில் இருந்து கிரகக் கணிதம் படித்தவன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

“அவன் சொன்னானாம், இவர் ராகுவின்ர பங்கில பிறந்தவர், அப்பிடிப் பிறந்தவைக்கு வியாழன் ஆகவே ஆகாது எண்டு. அதோட இந்த வருஷம் எட்டாம் மாதம் ரெண்டு தரம் வருதாம். ரெண்டாவது எட்டும் முடியுமட்டும் உடம்பில கத்தி படக்கூடாதாம்.”

“மாதம் ரெண்டு தரமோ?” லூர்து பிஸ்கற்றை வாயருகில் நிறுத்தினான். “அப்ப என்ர பிறந்தநாள் அதில வந்தால் வயசும் ரெண்டு கூடுமோ?”

சிறிதேவி உள்ளே போய் ஒரு சிறிய வெண்கலச் சிலையோடு வந்தாள். புத்தர் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் குரங்கு, இரண்டும் அவருக்கு எதையோ நீட்டிக்கொண்டிருந்தன.

“இதைத் தலைமாட்டில வச்சுக்கொண்டு படுக்கிறார். குரங்கு விடிய விடிய என்னைத்தான் பாக்குது.”

மங்களேஸ்வரி சிலையைப் படம் எடுத்தாள். “அவர் பிறந்த நேரம் தெரியுமோ?”

“புதன்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடம் விடுற மணி அடிக்கேக்கை பிறந்தவராம். மாமி இதை வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா. மணிச் சத்தத்தோட பிறந்தபடியால்தான் பிள்ளை வாத்தியாரானதெண்டு அவவுக்குப் பெருமை.” சிறிதேவி குரலைத் தாழ்த்தினாள். “அவன் கள்ளன் எண்டு எனக்குப் பிடிச்சுத் தாங்கோ அக்கா. வியாழனுக்கு முதல். கள்ளன் எண்டு தெரிஞ்சால் இவர் போவார்.”

அவன் கள்ளன் என்பதில் மங்களேஸ்வரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எந்த ஊர்க் கள்ளன் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

*

பர்மாவைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒரு ஆள் தெரியும். டொக்டர் கின் மியா ரங்கூனில் பிறந்தவள், ஒஸ்லோவில் பல் வைத்தியர். இருவருக்கும் பொதுவாக ஒரு குணம் இருந்தது. எதிரே இருப்பவரை மடையர் என்று எடுத்துக்கொண்டுதான் இருவருமே பேச்சைத் தொடங்குவார்கள். அதனாலேயே இருவரும் நல்ல சிநேகிதிகள்.

சும்மா போய்க் கேட்டால் அவளுக்கு நேரம் இருக்காது. ஆகவே மங்களேஸ்வரி லூர்துவின் பல்லைக் கொண்டுபோனாள்.

“எட்டாம் மாதமா?” லூர்துவின் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி கின் மியா நோர்வேஜிய மொழியில் கேட்டாள். “எந்த மடையன் சொன்னது?”

“பர்மாவில் படித்த மடையனாம்.”

“சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணுகிறவர்கள் சூரியனை விட்டுப் பின்தங்கிப் போவார்கள். அதைச் சரிக்கட்ட இடைக்கிடை ஒரு மாதத்தை இரண்டு தரம் எண்ண வேண்டும். நாங்களும் எண்ணுகிறோம், தாய்லாந்துக்காரரும் எண்ணுகிறார்கள். ஆனால் எங்களுக்கு அது நாலாம் மாதம், வாசோ. அதே மாதத்தை எட்டாவது என்று சொல்வது தாய்லாந்தில்.”

“ஒரே மாதம்தானே? ஏன் எட்டு?”

“அதை அவர்களிடம் போய்க் கேள். கூடுதல் நாள் ஒன்றும் சில வருஷங்களில் வரும். நாங்கள் அதைக் கூடுதல் மாதம் வருகிற வருஷத்திலேயே வைத்துவிடுவோம். அவர்கள் நாளை ஒரு வருஷத்தில் செருகுவார்கள், மாதத்தை இன்னொரு வருஷத்தில் செருகுவார்கள். வீட்டைக் கூட்டுகிறவள் ஒரே நாளில் கூட்டி முடிக்க வேண்டாமா?”

லூர்து ஏதோ சொல்ல முயன்றான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம்தான் வந்தது. அன்றைய நாளில் மங்களேஸ்வரிக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

அவள் கைபேசியில் சிலையைக் காட்டினாள். கின் மியா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“இதுவும் அவர்களுடையதுதான். எங்களுக்குக் கிழமையில் எட்டு நாள். புதனை இரண்டாக வெட்டுவோம். மத்தியானம்வரை தந்தமுள்ள யானை, அதற்குப் பிறகு தந்தமில்லாத யானை. அந்தப் பின்பாதி ராகுவுடையது. என் ஊர்க்காரனாக இருந்தால் தந்தமில்லாத யானையைக் கொடுத்திருப்பான். ராகுவுக்கு யானையும் குரங்குமாகப் புத்தரை உட்கார வைப்பது பாங்கொக் வழக்கம்.”

“தாய்லாந்திலும் புதனை வெட்டுவார்களா?”

“வெட்டுவார்கள், வேறு இடத்தில். வாயை மூடாதீர்கள், லூர்து.”

மங்களேஸ்வரி அதற்குமேல் கேட்கவில்லை. பர்மா என்று பெயர்ப்பலகை போட்டுத் தாய்லாந்துச் சரக்கை விற்கிறவன் கையில் அகப்பட்டுவிட்டான். வேண்டியது கிடைத்துவிட்டால் காதை மூடிவிடுவது அவளுடைய பழக்கம். அது நல்ல பழக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

குரோருட்டில் அடுக்குமாடி ஒன்றின் நிலக்கீழ்த் தளம். சைக்கிள் அறைக்கும் உடுப்புத் தோய்க்கும் அறைக்கும் நடுவில் இருந்தது குருவின் சன்னிதானம். சுவரில் பொற்கோபுரப் படம், மேசையில் பிளாஸ்டிக் ஓர்க்கிட். கஜரூபன் விளையாட்டுக் காற்சட்டைக்கு மேலே காவிச் சால்வை போர்த்திருந்தான். தலைமயிருக்குப் பூசிய கறுப்பு நெற்றியிலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பக்கத்து அறையில் யாரோ ஒருவரின் படுக்கை விரிப்புகள் மெசினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் படித்த சனம் தன் தலைவிதியைக் கேட்கிறது என்று நினைக்க மங்களேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. அவள் கதவடியில் சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு, லூர்துவின் மனைவி மாதிரி நின்றாள்.

லூர்து பல் வைத்தியரின் ஊசியில் மரத்துப்போன வாயால் கதையைத் தொடங்கினான். “பித்தப்பையில கல்லு, குருஜி. இந்த வியாழன் வெட்டப் போகினம். நாள் எப்பிடி?”

“எப்ப பிறந்தனீங்கள்?”

“புதன்கிழமை பின்னேரம்.”

“பொழுது பட முன்னமோ, பட்ட பிறகோ?”

“பட முன்னம். மாடு வீட்டை வாற நேரம்.”

கஜரூபன் எட்டுக் கட்டம் கீறி, புதனில் தொடங்கிக் கிரகங்களை ஒவ்வொன்றாக நிரப்பினான். கை தடுமாறவில்லை. “புதன் பகல். வலு திறம். உங்களுக்கு வியாழன் பலம் தாற நாள். பயமில்லாமல் போய்ப் படுங்கோ.”

“பொழுது பட்ட பிறகு பிறந்திருந்தால்?”

“அது ராகு. ராகுக்காரருக்கு வியாழன்தான் கூடாத நாள்.”

“இஞ்சை வடக்கை துரொம்சோப் பக்கம் கோடையில ரெண்டு மாதம் பொழுதே படாதே குருஜி. அங்கை ராகு பட்டினி கிடப்பாரோ?”

கஜரூபன் விழித்தான். இந்தக் கேள்வியை இதுவரை அவனிடம் யாரும் கேட்கவில்லை போலும். மங்களேஸ்வரி சால்வையை எடுத்துவிட்டு முன்னுக்கு வந்தாள்.

“நீர் பர்மாப் பக்கம் தலைவச்சும் படுக்கேல்லை. எட்டாம் மாதம் எண்டனீர். யானையும் குரங்கும் குடுத்தனீர். பாங்கொக்கில எவ்வளவு காலம் இருந்தனீர்?”

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். ஊர் முழுக்கத் தெரிந்த முகம்தான். காவிச் சால்வை மெல்லத் தோளிலிருந்து இறங்கியது.

“வெளிநாட்டுக்கு அனுப்புறன் எண்ட ஏஜென்சிக்காரன் நடுவழியில விட்டிட்டு ஓடிட்டான் அக்கா. வருஷக்கணக்கில அங்கைதான் கிடந்தனான். ஒரு விகாரையில முற்றம் கூட்டினனான். அங்கை ஒரு பிக்கு சொல்லித் தந்தவர்.”

“பிறகேன் பர்மா?”

“தாய்லாந்து எண்டால் எங்கட சனம் மசாஜ் எண்டுதான் நினைக்கும். பர்மா எண்டால் ஒரு மரியாதை.”

லூர்து சிரிக்கப் போனான். உதடு ஒரு பக்கம்தான் போனது.

இத்தோடு வேலை முடிந்தது. இந்த வாக்குமூலத்தைக் கொண்டுபோய் சிறிதேவியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மேசையில் கிடந்த எட்டுக் கட்டத்தின்மேல் மங்களேஸ்வரியின் கண் விழுந்தது. புதன் பகல், வலு திறம். வேறு இடத்தில் வெட்டுவார்கள் என்று கின் மியா சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பர்மாக்காரன் புதனை மத்தியானத்தில் வெட்டுகிறான். இவன் பொழுதுபடும்போது வெட்டுகிறான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிறந்தவர் பர்மாவில் ராகுக்காரர். ஆனால் இந்த அறைக்குள் அவர் ராகுக்காரராக முடியாது.

“இரவீந்திரன் வாத்தியாருக்கு ஏன் ராகு எண்டு சொன்னனீர்? அவரும் பின்னேரம்தானே பிறந்தவர்.”

“முதல் தரம் வரேக்கை அப்பிடித்தான் சொன்னவர். நானும் கட்டம் போட்டு, வியாழன் நல்ல நாள் எண்டனான். அதைக் கேட்டு மனுசன்ர முகம் செத்துப்போச்சு. எந்த நேரத்தில பிறந்திருந்தால் வியாழன் கூடாதெண்டு கேட்டார். வாத்தியார்தானே, ஆராய்ச்சிக்குக் கேக்கிறாராக்கும் எண்டு விளங்கப்படுத்தினனான். அடுத்த கிழமை திரும்ப வந்து, அம்மா சொன்னது பிழை, தான் இரவுதான் பிறந்தது எண்டார்.”

“நீர் நம்பினீர்?”

“பிறந்தது அவர்தானே அக்கா. நான் என்ன பக்கத்திலயோ நிண்டனான்?”

மங்களேஸ்வரி கண்ட பொய்யர்கள் எல்லாரும் எதையாவது வாங்கத்தான் பொய் சொன்னார்கள். ஒரு மனிதன் மெனக்கெட்டு, பாடம் கேட்டு, பொய் சொல்லித் தனக்கே ஒரு கெட்ட நாளை வாங்கிக்கொண்டு போனதை இன்றுதான் பார்க்கிறாள்.

காரில் ஏறியதும் லூர்து சொன்னான்: “கள்ளனைப் பிடிக்கப் போனம். கடைசியில கள்ளன்தான் நேர்மையான ஆளாக் கிடக்கிறான்.”

“காரை எடும்.”

“எங்கை?”

“லோறென்ஸ்கூக்குக்கு. ஒரு வாத்தியாருக்குக் கணக்குப் படிப்பிக்க வேணும்.”

*

இரவீந்திரன் சோபாவில் ஒரு போர்வைக்குள் இருந்தார். மெலிந்த, சவரம் செய்த, மிடுக்கான முகம். வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வீட்டுக்கு வந்தவர்களும் நின்று வணக்கம் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிற பார்வை. மங்களேஸ்வரி நிற்பதற்குப் பதிலாக அவருக்கு எதிரே சட்டென்று அமர்ந்தாள். சிறிதேவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“நல்ல செய்தி கொண்டுவந்தனான்,” என்றாள் மங்களேஸ்வரி. “குருவின்ர கணக்கில ஒரு பிழை. இப்ப திருத்தியாச்சு. பள்ளிக்கூட மணி அடிக்கேக்கை பிறந்தவருக்கு ராகு இல்லையாம். வியாழனைப் போல ஒரு நாள் உங்களுக்குக் கிடையாதாம்.”

“பாத்தியளே,” என்று சிறிதேவி நிமிர்ந்தாள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

இரவீந்திரன் போர்வையை இழுத்து மூடினார். “அவன்ர கதையை ஆர் கேட்டது? அவன் ஒரு கள்ளன். பர்மாவைக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டான்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எட்டாம் மாதம் எண்டு சொன்ன உடனை விளங்கிட்டுது. பர்மாவில அது நாலாம் மாதம். ரெண்டு நாட்டுக் கணக்கையும் நான் இருந்து படிச்சனான்.”

தன் அறிவைக் காட்டாமல் அந்த மனிதரால் இருக்க முடியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது.

சிறிதேவி மெல்ல நடந்து வந்தாள். “கள்ளன் எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டோ அவன் சொல்லைக் கேட்டு வீட்டை இருக்கிறியள்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். மங்களேஸ்வரி விடவில்லை. இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் வழி முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு வந்தவள்.

“நீங்கள் கணக்கு வாத்தியார். நான் படியாதவள், மெதுவாச் சொல்லுறன். அவன்ர கணக்குச் சரியெண்டால் வியாழன் நல்ல நாள், போகலாம். பிழையெண்டால் ராகுவுமில்லை ஒண்டுமில்லை, அப்பவும் போகலாம். மூண்டாவது வழி ஒண்டு இருந்தால் படிப்பியுங்கோ. இரவு பிறந்தனான் எண்டு அவனிட்டைப் போய்ப் பொய் சொல்லி வாங்கின நாளைத் தவிர.”

வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான். மெசின் ஒரு தரம் போய்த் திரும்பி வந்தது.

“பயம்,” என்றார் இரவீந்திரன்.

வகுப்பில் விடை தெரியாத பையன் மாதிரி அதைச் சொன்னார். பிறகு மனைவியைப் பார்க்காமலே தொடர்ந்தார்.

“இருதயத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் வெட்டுவினமாம். படம் கீறிக் காட்டினவை. நிப்பாட்டினது திரும்ப ஓடாட்டில்? அதை நான் ஆரிட்டைக் கேக்கிறது? மூடநம்பிக்கை எண்டால் நீர் என்னோட சண்டை பிடிப்பீர். பயம் எண்டால் இருந்து அழுவீர். நீர் சண்டை பிடிக்கிறது எனக்குப் பழக்கம்.”

மங்களேஸ்வரி இன்னும் இரண்டு வசனம் தயாராக வைத்திருந்தாள், இரண்டும் நல்ல கூரானவை. அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வந்ததில் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. வாசலில் நின்ற லூர்து, வாய் சரியாகிவிட்ட பிறகும் பேசாமல் நின்றான்.

சிறிதேவி அழவில்லை. சோபாவின் ஓரத்தில், அவருடைய கால்மாட்டில் அமர்ந்தாள். கிழவர்களைத் தூக்கிப் பழகிய கை போர்வைக்கு மேலே அவருடைய முழங்காலைப் பிடித்தது.

“டொக்டர் என்னட்டை ஒண்டு சொன்னவர். உங்களுக்குப் பயம் வரும் எண்டுதான் நான் அதைச் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன், கேளுங்கோ. வெட்டாட்டில் அது தானாவே நிக்குமாம். பனி கொட்டத் தொடங்க முன்னம்.”

இரவீந்திரன் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கை அது நிண்டால் திரும்ப ஓடவைக்கச் சுத்திவர ஆக்கள் நிப்பினம்,” என்றாள் சிறிதேவி. “இஞ்சை நிண்டால் நான் மட்டும்தான் நிப்பன். எனக்கு அதைத் திரும்ப ஓடவைக்கத் தெரியாது.”

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி, காலைத் தரையில் வைத்தார்.

“வியாழன் எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?” என்று கேட்டார்.